பட்டா இல்லாத பாட்டன்

புதுசாக ஒரு வியாதி பரவிக்கொண்டிருக்கிறது. கொசுவால் வருவதில்லை. ஐம்பது வயது தாண்டி, பிள்ளைகள் வெளிநாட்டில் செட்டிலாகி, கையில் கொஞ்சம் நேரமும் பேங்கில் கொஞ்சம் பணமும் சேர்ந்துவிட்டவர்களைப் பிடிக்கிறது. வம்சாவளி தேடும் வியாதி.

டெல்டா பக்கம் இதன் அறிகுறிகளை நன்றாகவே பார்க்கலாம். லீவுக்கு வருகிறார்கள். சுவாமிமலையில் அறுபது படி ஏறி சுவாமிநாதனைக் கும்பிடுகிறார்கள். கீழே இறங்கி ஒரு டிகிரி காபி. அடுத்த ஸ்டாப் வி.ஏ.ஓ. ஆபீஸ். ‘‘எங்க கொள்ளுத் தாத்தாவுக்கு இந்த ஊர்ல பதினெட்டு வேலி இருந்துதாம் சார். பழைய ரிஜிஸ்டர்ல பேர் இருக்கான்னு பாக்கணும்.’’

ஒரு வேலி என்றால் இருபது மா. ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. இப்படி வருகிற எல்லாருடைய கொள்ளுத் தாத்தா நிலத்தையும் கூட்டினால் கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே இடம் போதாது. பாதிப் பேர் வங்காள விரிகுடாவில்தான் நாற்று நட்டிருக்க வேண்டும்.

பாட்டன் யார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுவதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. என் சண்டை வேறு. நிலப் பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் பாட்டன், மற்றவர்களுக்கெல்லாம் வரலாறே கிடையாது என்பதுபோல நாம் நடந்துகொள்கிறோமே, அதோடுதான். அப்புறம், அந்தப் பதிவேட்டையும் பூட்டி வைத்துக்கொண்டு கரையானுக்கு விருந்து வைக்கிறோமே, அதோடும்.

முதலில் நிலப் பதிவேடு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அது குடும்ப வரலாறு எழுதுவதற்காக உருவானது அல்ல. யாரிடம் வரி வசூலிப்பது என்று குறித்து வைத்த சிட்டை. கிழக்கிந்தியக் கம்பெனி 1799-ல் இரண்டாம் சரபோஜியிடமிருந்து தஞ்சை நாட்டு நிர்வாகத்தைக் கையில் வாங்கியவுடன் கேட்ட முதல் கேள்வி, ‘இங்கே எத்தனை மனிதர்கள் இருக்கிறார்கள்’ என்பதல்ல. ‘எத்தனை மிராசுதார்கள்’ என்பதுதான். சுமார் 62,000 பேர் என்று அந்தக் காலத்துக் கணக்கு சொல்கிறது. ஊர்களையும் வகை பிரித்தார்கள். ஒரே ஆள் கையில் இருந்தால் ஏகபோகம், பங்காளிகள் பொதுவில் வைத்திருந்தால் சமுதாயம். சேற்றில் நின்றவன் எந்த போகத்திலும் இல்லை.

அடுத்து 1858-ல் இனாம் கமிஷன் வந்தது. கோயிலுக்கு, மடத்துக்கு, வேதம் படித்தவர்களுக்கு, ஊழியம் செய்தவர்களுக்கு என்று ராஜாக்கள் விட்டிருந்த மானிய நிலங்களையெல்லாம் ஊர் ஊராக விசாரித்துப் பதிவேடு போட்டார்கள். வம்சாவளிக்காரர்களுக்கு அது தங்கச் சுரங்கம். முதலில் மானியம் வாங்கியவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவருக்கு என்ன வயது, முதல் ஆளுக்கு இவர் என்ன உறவு என்று எழுதியிருக்கும். அதில் பெயர் இருக்கும் குடும்பத்துக்கு ஒரே பக்கத்தில் மூன்று நான்கு தலைமுறை கிடைத்துவிடும். பிறகு சர்வே, செட்டில்மென்ட், அ-பதிவேடு, சிட்டா, அடங்கல். பழைய சர்வே நம்பருக்கும் புது சர்வே நம்பருக்கும் ஒப்பீட்டுப் பட்டியல். கடைசியாக 1979-லிருந்து 1987 வரை நடந்த யூ.டி.ஆர். அதில் விழுந்த பிழைகளைத் திருத்த இன்றும் நடையாய் நடக்கும் ஆட்களைப் பற்றி எழுதினால் இந்த வாரப் பக்கம் போதாது.

இவ்வளவு காகிதத்திலும் யார் இருக்கிறார்கள்? வரி கட்டியவர்கள், அல்லது வரி கட்ட வேண்டாம் என்று சலுகை வாங்கியவர்கள். அதிலும் பெரும்பாலும் ஆண்கள். ‘இன்னார் மகன் இன்னார்’ என்று போகும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால், ராமசாமி மகன் குப்புசாமி, குப்புசாமி மகன் ராமசாமி என்று இரண்டு பேரே நூற்றைம்பது வருஷம் மாறி மாறி வாழ்ந்ததுபோலத் தோன்றும். அந்த ராமசாமியின் பெண்டாட்டி யார், எந்த ஊரிலிருந்து வந்தாள், எத்தனை பெற்றாள், எத்தனையைப் பறிகொடுத்தாள்? விதவையாகி, பங்காளிகளோடு ஜீவனாம்சத்துக்குச் சண்டை போட்டிருந்தால் ஏதாவது பத்திரத்தில் அவள் பெயர் இருக்கலாம். சண்டை போடாத நல்ல பெண்மணி என்றால் பெயரே கிடையாது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. நம் கனவான்கள் பலர் அதைப் பார்த்ததும் ஃபைலை மூடிவிடுவார்கள். கோயிலில் ஆடவும் பாடவும் பொட்டுக் கட்டிய பெண்களுக்கு மானிய நிலம் இருந்தது. அந்த இனத்தில் மட்டும் பெண்ணின் பெயரில் நிலம், அவளிடமிருந்து மகளுக்கு. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929-ல் அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியம் செய்தால்தான் நிலம் என்ற தளை அறுந்து நிலம் அவர்களுக்கே சொந்தமானது. தாய்வழியாக நூறு வருஷக் கதை சொல்லக்கூடிய அபூர்வமான காகிதம். ஆனால், ‘எங்கள் வம்சம்’ என்று பளபளா அட்டையில் புத்தகம் போடுகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தை அச்சடிப்பார்கள்? பாட்டி வேண்டாம், பதினெட்டு வேலி போதும்!

இன்னொரு பரம்பரை தேடும் கூட்டத்தையும் பாருங்கள். கம்பெனி காலத்தில் இங்கே கலெக்டராகவும் இன்ஜினீயராகவும் சிப்பாயாகவும் இருந்த வெள்ளைக்காரர்களின் எள்ளுப் பேரன்கள். அவர்களுக்குச் சுலபம். இந்தியாவில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து லண்டனுக்கு அனுப்பி வைத்தார்கள். அந்தக் கட்டுகள் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. அட்டவணை இருக்கிறது. லண்டனில் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி, தஞ்சாவூரில் காய்ச்சல் வந்து செத்த துரைக்கு எங்கே சமாதி என்று கண்டுபிடித்துவிடலாம்.

துரையின் பேரனுக்கு நாற்காலியிலேயே கிடைக்கிறது. துரைக்கு வரி கட்டியவரின் பேரனுக்கு நாலு ஆபீஸ் ஏறி இறங்கினால் பாதி கிடைக்கிறது. வரி கட்டியவரின் வயலில் நடவு நட்டவளின் பேத்திக்கு?

அவளுடைய முன்னோர் பற்றி நிலக் காகிதத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருக்கிறது. எந்தப் பத்தியில் என்பதுதான் விஷயம். நிலத்தை விற்கும்போதும் ஒத்தி வைக்கும்போதும் அதோடு சேர்த்து ஆட்களையும் எழுதிக் கொடுத்த அடிமை ஓலைகள் தஞ்சைச் சீமையில் எழுதப்பட்டன. வாங்குபவர், விற்பவர் என்ற பத்தியில் அவள் பாட்டன் இல்லை. மரமும் கிணறும் மாடும் வருகிற பத்தியில் இருந்தான். அடிமைமுறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று 1843-ல் கம்பெனி அரசு சட்டம் போட்டது. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? சொத்தாகப் பதிவானவன் மனிதனாகப் பதிவானானா என்றால், இல்லை. பதிவிலிருந்தே காணாமல் போனான். பண்ணையாள் என்று பெயர் மாற்றிக்கொண்டு அதே வயலில்தான் நின்றான்.

குத்தகைக்கு உழுதவரின் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் சட்டப்படி ஏற்ற வேண்டும் என்று வந்தது 1969-ல். அதற்கு முந்தைய வருஷம் டிசம்பர் 25-ம் தேதிதான் கீழ்வெண்மணியில் கூலி கேட்ட குடும்பங்களில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து போனார்கள். குத்தகைகூட இல்லாத கூலிக்காரருக்கு? 1971-ல் குடியிருப்புச் சட்டம் வந்து, குடிசை நின்ற மனைக்கு உரிமை கொடுத்தது. ஆக, ஆயிரம் வருஷமாகக் காவிரித் தண்ணீரில் காலை ஊறப்போட்டு நின்ற ஒரு குடும்பத்தின் நில வம்சாவளி, நம் அரசாங்கக் கணக்குப்படி, சில சென்ட் மனையோடு 1971-ல் ஆரம்பிக்கிறது. கலர் டி.வி.யைவிடக் கொஞ்சம் சீனியர்.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு, சிரிக்க முடியாத வேடிக்கை. சுவாமிமலைக்கு வருகிற வெளிநாட்டுத் தமிழர்களில், தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ் பேச வராது. காவடி எடுக்கத் தெரியும். இப்படித் தேடி வருகிறவர்கள் சிலரிடம் ஒரு காகிதத்தின் நகல் இருக்கும். அவர்கள் பாட்டனைக் கரும்புத் தோட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு போன கப்பலின் பதிவு. பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை. பெண்களுக்கும் அப்படியே. முதல் கப்பல் ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16-ல் டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறியவர்கள். மொரீஷியஸில் 1860-களிலிருந்து போட்டோவும் எடுத்தார்கள். அந்தக் கட்டுகளை அங்கே மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

அன்பினால் எழுதிய காகிதம் இல்லை அது. கூலி ஓடிப்போனால் பிடிப்பதற்காகத்தான் தழும்பைக் குறித்தார்கள். ஆனாலும் விளைவைப் பாருங்கள். கரும்பு வெட்டப் போன அண்ணனின் பேரனுக்கு எள்ளுப் பாட்டன் பெயர் தெரியும், முழங்காலில் தழும்பு இருந்ததும் தெரியும். அந்த ஊரிலேயே நாற்று நட்டுக்கொண்டு இருந்துவிட்ட தம்பியின் பேரனுக்குப் பாட்டனுக்கு அப்பன் பெயர் தெரியாது. இங்கே வந்து நிலப் பதிவேட்டைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘‘இந்தப் பேர்ல பட்டா எதுவும் இல்லீங்களே...’’ எப்படி இருக்கும்? பட்டா இருந்திருந்தால் அவர் ஏன் கப்பல் ஏறப்போகிறார்?

‘இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது, அவனவன் பிழைப்பைப் பார்க்க வேண்டாமா?’ என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்தி.

ஒன்று, இலங்கை. தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள் கங்காணி முறையில் போனவர்கள். நேட்டால் மாதிரி ஆளுக்கு ஆள் விவரமான பதிவு கிடையாது. எண் பொறித்த தகரச் சீட்டோடு போனவர்கள் நிறைய. 1948-ல் சுதந்திர இலங்கை குடியுரிமைச் சட்டம் போட்டபோது என்ன கேட்டது தெரியுமா? உன் அப்பா இலங்கையில் பிறந்தவர் என்று காட்டு. இல்லையென்றால் தாத்தாவும் கொள்ளுத் தாத்தாவும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு. லயத்தில் பிறந்தவனிடம் கொள்ளுத் தாத்தாவின் பிறப்புக்குக் காகிதம்! லட்சக்கணக்கானவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள். 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தார்கள். நெல்லைப் பிரிப்பதைப்போல.

இரண்டு, ஓ.சி.ஐ. அட்டை. மொரீஷியஸில் இருக்கும் இந்திய வம்சாவளியினருக்கு ஏழாவது தலைமுறை வரை அது உண்டு என்று 2024 மார்ச்சில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அங்கே போய் அறிவித்தார். ஏழாவது தலைமுறை! நிரூபிக்க எது உதவும்? கூலிக் கப்பலின் காகிதம்தான். பாட்டன் பெயர் எழுதிய தாளுக்கு இன்றைக்கு விசா மதிப்பு இருக்கிறது. அது பொழுதுபோக்கு இல்லை.

நம் ஊருக்கே வருவோம். பழைய பதிவேடுகளைத் திறந்துவிட்டால் என்ன என்று கேட்டால், அதிகாரிகள் சொல்லும் பதில் ஒன்றே ஒன்று. ‘‘வில்லங்கம் கிளம்பும் சார். ஆளாளுக்குக் கேஸ் போடுவான்.’’ கேட்க நியாயம் மாதிரி இருக்கும். ஆனால், 1880-ல் உன் பாட்டன் பெயரில் இருந்தது என்பதற்காக இன்றைக்கு எந்தக் கோர்ட்டும் தனியார் நிலத்தைத் தூக்கிக் கொடுத்துவிடாது. காலவரையறைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அப்படியானால் பயம் எதற்கு? பதிவேட்டில் தனியார் நிலம் மட்டும் இல்லை என்பதால்தான். கோயில் நிலம் எது, குளம் எது, வாய்க்கால் எது, மந்தைவெளி எது என்று அதில்தான் இருக்கிறது.

பஞ்சமி நிலமும் அதில்தான் இருக்கிறது. டெல்டாவில் தரிசு குறைவு, அந்தக் கதை பெரும்பாலும் வடக்கே நடந்தது. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891-ல் தாழ்த்தப்பட்டவர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதி, மறு வருஷம் அரசாணை வந்து, தரிசு நிலங்கள் அவர்களுக்கு நிபந்தனையோடு ஒதுக்கப்பட்டன. முதல் பத்து வருஷம் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் அவர்களுக்குள்தான் விற்கலாம். அது எப்படியெல்லாமோ கைமாறியது. மீட்கக் கேட்டுப் போராடியபோது, 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். அந்த நிலம் பஞ்சமி என்பதற்கு எது சாட்சி? பழைய பதிவேடு. வில்லங்கம் கிளம்பும் என்று அதிகாரி சொல்வது பொய்யில்லை. யாருக்கு வில்லங்கம் என்பதை மட்டும் சொல்லாமல் விடுகிறார்.

எதுவுமே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. இன்றைய பட்டாவையும் அ-பதிவேட்டையும் வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. பழைய பத்திரங்களை ஸ்கேன் பண்ணுகிறார்கள். தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம் மராட்டியர் கால மோடி ஆவணங்களைத் தமிழாக்கிப் புத்தகமாகவே போட்டது. ராஜா எந்தக் கோயிலுக்கு எவ்வளவு கொடுத்தார் என்று இப்போது தமிழிலேயே படிக்கலாம். ஆனால் நூறு வருஷத்துக்கு முந்தைய கிராமக் கணக்கு? 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒரே நாளில் ஒழித்தது. நல்ல காரியம். பதவி போனதே தவிர, பல ஊர்களில் கணக்குக் கட்டுகள் கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணைவிட்டு இறங்கவில்லை என்பது டெல்டாவில் ஊரறிந்த ரகசியம். இறங்கி வந்தவை தாலுகா ஆபீஸ் ரிக்கார்டு ரூமில். நான் எட்டிப் பார்த்த ஒன்றில், சிவப்புத் துணி மூட்டைகளுக்கு மேலே உடைந்த நாற்காலிகளும், போன தேர்தலின் பெட்டிகளும் இருந்தன. எலி ஒன்று என்னைவிடச் சுதந்திரமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, தெரியுமோ? 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 8(3). இருபது வருஷத்துக்கு முந்தைய விஷயம் என்றால், நாட்டுப் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவைக் காகிதம் ஆகிய மூன்றைத் தவிர வேறு காரணம் சொல்லி மறுக்க முடியாது. பிரிவு 4, ஆவணங்களை அட்டவணை போட்டு ஒழுங்காக வைக்க வேண்டும் என்கிறது. உங்கள் ஊர் பழைய அ-பதிவேட்டையும், இனாம் பதிவேட்டுப் பக்கத்தையும் கேட்டு எழுதிப் போடுங்கள். ‘கோப்பு கிடைக்கப்பெறவில்லை’ என்று பதில் வந்தால் விடாதீர்கள். எப்போது தொலைந்தது, யார் பொறுப்பில் இருந்தபோது தொலைந்தது என்று அடுத்த மனு.

அரசாங்கத்தை மட்டும் திட்டிவிட்டுப் போக மனசு வரவில்லை. ஏனென்றால் பண்ணையாட்களின் பெயர் இருக்கும் காகிதம் அரசாங்கத்திடம் இல்லை. அது வேறு இடத்தில் இருக்கிறது.

சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் ஸ்தபதிகள் தங்கள் பரம்பரையைச் சோழர் காலம் வரைக்கும் கொண்டு போவார்கள். நாம் யாரும் அவர்களிடம் பட்டா கேட்பதில்லை. காவிரி வண்டலை எடுத்து, மெழுகு உருவத்தின்மேல் பூசுகிற அந்தக் கைதான் சாட்சி என்று ஒப்புக்கொள்கிறோம். அதே வண்டலில் நடவு நட்ட கைக்கு அந்தச் சலுகையை நாம் கொடுக்கவில்லை. நாற்று முடியும் கையில் என்ன பரம்பரை என்று நினைப்பு.

ஆனால் அந்தக் கைக்குக் கூலி அளந்தவர்கள் கணக்கு எழுதியிருக்கிறார்கள். பெரிய மிராசு வீடுகளில் பண்ணைக் கணக்கு நோட்டு இருந்தது. இன்னாருக்கு இத்தனை மரக்கால், இன்னார் பெண் கல்யாணத்துக்கு இத்தனை கலம் முன்பணம், இன்னார் செத்ததற்கு வேட்டி ஒன்று என்று வருஷா வருஷம். கடன் கணக்குதான். அவர்களைக் கட்டிப்போட்ட கயிறுதான். ஆனால் சேரியில் யார் இருந்தார், யாருக்கு யார் பிள்ளை, எந்த வருஷம் கல்யாணம், எந்த வருஷம் சாவு என்று எழுத்தில் இருப்பது பல ஊர்களில் அந்த நோட்டில் மட்டும்தான்.

அந்த நோட்டுகள் இப்போது எங்கே? ஓட்டு வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டும்போது பழைய பேப்பர்காரருக்குப் போகின்றன, கிலோ கணக்கில். கொள்ளுத் தாத்தாவின் பதினெட்டு வேலியைத் தேடி வருகிற அதே பேரன்தான் போடுகிறார். தாத்தா பெயர் இருக்கும் பத்திரத்தைப் பத்திரமாக எடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்டு, மற்றவர்களின் தாத்தாக்கள் இருக்கும் நோட்டை எடைக்குப் போடுகிறார்.

ஐயா, அம்மா, உங்களைத்தான். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது வி.ஏ.ஓ. ஆபீஸுக்கு முன்னால் உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். தஞ்சாவூரில் சரஸ்வதி மகால் இருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. போன் பண்ணிக் கேளுங்கள். கொடுக்க மனசில்லை என்றால் பக்கம் பக்கமாகப் போட்டோவாவது எடுத்து, உங்கள் ஊர்த் தெற்குத் தெருவில் படித்த பிள்ளை யாராவது இருப்பார், அவரிடம் கொடுங்கள். உங்கள் தாத்தா வட்டி போட்டது வெளியே தெரிந்துவிடுமே என்று கூச்சமாக இருக்கும். இருக்கட்டும். அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்துவிட்டுக் கொடுக்காதீர்கள்.